மூச்சு விடாத பாட்டு

மார்ச் 7, வெள்ளி

வெள்ளிக்கிழமை வந்தால் புதுப் பாட்டுகள் குவிந்துவிடும். ஃபோக், கன்ட்ரி, ஜாஸ் வாடை அடிக்கிற இன்னும் சில. பெரிய கம்பெனி எதுவும் கிடையாது. படுக்கையறையிலும் கார் ஷெட்டிலும் தாங்களே பதிவு செய்து அனுப்புகிறவர்கள். பேப்பரில் என் ஞாயிற்றுக்கிழமை விமர்சனப் பத்தியில் ஐந்து ஆல்பத்துக்குத்தான் இடம். மிச்சப் பேரின் சாபமெல்லாம் எனக்கு.

இவர் அடுப்படியிலிருந்து, “பாட்டு கேக்குறதுக்கு சம்பளம் குடுக்குறாங்க. அதுக்கும் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டா எப்படி?” என்கிறார். துறைத் தேர்வுக்குப் படிக்கிற மனிதர், பாடத்தைப் பார்க்காமல் என் மூஞ்சியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

மார்ச் 8, சனி

காலையிலேயே என் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. கடைசி ஆல்பத்தை இவருடைய டேப்லெட்டில் கேட்டு முடித்தேன். ஒரு அக்காவும் தம்பியும். அக்கா பாட்டும் கிதாரும், தம்பி டபுள் பேஸ், அந்த ஆளுயர வயலின். நல்ல குரல், வரிகளும் மோசமில்லை. ஆனால் ஏன் இந்தப் பறப்பு? எழுதிவிட்டேன்: “பாடகிக்கு மூச்சு விடக்கூட நேரமில்லை. கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர் போலப் பாடுகிறார்.”

ஆசிரியர் போனில் சிரித்தார். எனக்கும் பெருமைதான்.

மார்ச் 10, திங்கள்

பஸ் வரியை எல்லாரும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். எனக்கு நகைச்சுவை வரும் என்று இவரிடம் சொன்னேன். நம்பவில்லை.

ஏப்ரல் 26, சனி

முடி வெட்டிக்கொள்ளப் போனேன். தலை ஈரம், கழுத்தைச் சுற்றித் துணி, கண்ணை மூடியிருந்தேன். கடையில் ஒரு பாட்டு ஓடியது. பேஸ் மெல்ல நடந்து வருகிறது. அதற்கு மேல் ஒரு பெண் குரல், ஒவ்வொரு வரிக்கும் பிறகு கொஞ்சம் நின்று, யோசித்து, அடுத்ததைச் சொல்கிறது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இத்தனை வருஷம் வெள்ளிக்கிழமைதோறும் நான் தேடுவது இதைத்தானே! யாருடையது என்று பரபரத்துக் கேட்டேன்.

“தெரியாதா? நம்ம கண்ணாடிக் கடை அக்காவும் அவங்க தம்பியும் போட்ட ஆல்பம். பாவம், அவசர அவசரமா பாடுறாங்கன்னு எவளோ பேப்பர்ல எழுதிட்டாளாம். அதுலேர்ந்து ரெண்டு பேருக்கும் பேச்சே இல்ல. தலையை ஆட்டாதீங்க, காதுல பட்டுடும்.”

நான்தான் அந்த எவளோ. கண்ணாடியில் என்னைப் பார்க்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் டேப்லெட்டைத் தேடி எடுத்தேன். திரையின் ஓரத்தில் சின்னதாக 1.25. இவர் பாடங்களை வேகமாக ஓடவிட்டுக் கேட்பவர். குரல் கீச்சென்று மாறியிருந்தால் கண்டுபிடித்திருப்பேன். இந்தக் காலத்துக் கருவிகள் குரலை அப்படியே வைத்துக்கொண்டு வேகத்தை மட்டும் கூட்டுகின்றன. ஆல்பம் முழுவதையும் கால் பங்கு வேகம் கூட்டிக் கேட்டுவிட்டு, அவள் அவசரப்படுகிறாள் என்று எழுதியிருக்கிறேன்.

இவர் மேல் பழியைப் போடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. சீ. பாட்டு கேட்பது என் வேலை. காது என்னுடையது.

ஏப்ரல் 27, ஞாயிறு

“யாருக்குத் தெரியப்போகுது? உனக்கும் எனக்கும்தான் தெரியும். நான் வாயே திறக்கமாட்டேன்” என்றார் இவர். ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கு அவர்மேல் எரிந்து விழத்தான் தோன்றியது, விழுந்தேன். நேற்றிலிருந்து அதையேதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன், அதுதான் கோபம்.

ஏப்ரல் 29, செவ்வாய்

கண்ணாடிக் கடைக்குப் போனேன். அக்காவுக்கு நாற்பது வயதிருக்கும். ஒரு கிழவரின் மூக்கில் ஃபிரேம் சரியாக உட்கார்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நான் யாரென்று சொன்னதும் திட்டுவாள் என்று காத்திருந்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

“நீங்களா மேடம் அது! எழுதினது சரிதான். நான் சின்ன வயசுலேர்ந்தே அவசரக் குடுக்கை. இப்ப எல்லாப் பாட்டையும் நிதானமாக்கிட்டேன். தம்பிக்குத்தான் புரியல. பேப்பர்க்காரி சொன்னான்னு ஜவ்வு மாதிரி இழுக்குறியேன்னு கத்திட்டு, பேஸைத் தூக்கிட்டுப் போயிட்டான்.”

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். என் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, தளர்ந்திருந்த காலை முடுக்கி, துடைத்தும் கொடுத்தாள். காசு வேண்டாம் என்றுவிட்டாள். வாங்கி மாட்டிக்கொண்டு வந்தேன்.

ஐயோ, என்ன ஜென்மம் நான்?

ஏப்ரல் 30, புதன்

அந்த ஆல்பத்தைச் சரியான வேகத்தில் முழுவதும் கேட்டேன். ஜவ்வும் இல்லை, ஓட்டமும் இல்லை. கை வைக்க இடமே இல்லை. இதைப் போய் அவள் கெடுத்துக்கொண்டிருக்கிறாள், என் பேச்சைக் கேட்டு.

மே 2, வெள்ளி

நடந்ததை அப்படியே எழுதி ஆசிரியருக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டார். “பைத்தியமா உனக்கு? இதைப் போட்டா இனிமே நீ எழுதுறதை எவன் நம்புவான்? வேணும்னா அந்த ஆல்பத்தைப் பாராட்டி இன்னொரு தடவை எழுது.” பாராட்டினால் போதாது, அவள் பாட்டில் தப்பே இல்லை என்று அவளுக்குத் தெரிய வேண்டும் என்றேன். பெருமூச்சு விட்டுவிட்டு, சரி என்றார்.

அச்சில் பார்த்து அவள் தெரிந்துகொள்ளக் கூடாது என்று நேரே கடைக்குப் போனேன். இந்தத் தடவை உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன். கையிலிருந்த லென்ஸைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

“அவன் அன்னிக்கே சொன்னான், பாட்டு சரியாத்தான் இருக்குன்னு. ‘உனக்கு என்னடா தெரியும், எழுதினவங்க நூறு பாட்டு கேட்டவங்க’ன்னு நான்தான் அவன் வாயை அடைச்சேன்.”

மன்னித்துவிடுங்கள் என்றேன்.

“மன்னிச்சா அவன் வந்துடுவானா? நீங்க கெளம்புங்க மேடம். கஸ்டமர் வந்திருக்காங்க.”

யாரும் வந்திருக்கவில்லை.

மே 4, ஞாயிறு

வந்துவிட்டது. பத்தியின் தலையிலேயே போட்டிருக்கிறார்கள். இவர் இரண்டு தடவை படித்துவிட்டு, “டேப்லெட் என்னோடதுன்னு எழுதலையே” என்றார். பிறகு காபி போட்டுக் கொடுத்தார்.

மே 9, வெள்ளி

இனி பத்தி வேறு ஒருவருக்கு. ஆசிரியர் நல்லவிதமாகத்தான் சொன்னார், “கொஞ்ச நாள் ஆறப் போடுவோம்.” பஸ் வரிக்குச் சிரித்தவர்கள் இப்போது இதற்குச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அந்தத் தம்பி பேப்பர் படிப்பானா என்பதுதான் என் கவலை.

மே 31, சனி

கடை வழியாகப் பஸ்ஸில் போனேன். உள்ளே வெளிச்சம் இருந்தது. இறங்கவில்லை.

ஜூன் 27, வெள்ளி

வெள்ளிக்கிழமை, எனக்குப் பாட்டு எதுவும் வரவில்லை. துணி மடித்துக்கொண்டிருந்தபோது போன். அவள்தான். எடுத்த எடுப்பிலேயே, “உங்களை மன்னிச்சிட்டேன்னு நெனச்சுக்காதீங்க” என்றாள்.

நினைக்கவில்லை என்றேன்.

“அவன் வந்திருக்கான். பேப்பரை யாரோ காட்டியிருக்காங்க. வந்ததுலேர்ந்து என்கிட்ட ஒரு வார்த்தை பேசல. மூலைல உக்காந்து பேஸுக்கு சுருதி சேத்துட்டிருக்கான். பழைய வேகத்துலயே பாடப்போறேன். உங்ககிட்ட சொல்லணும்னு தோணுச்சு, அவ்வளவுதான்.”

போனை அணைக்காமல் எங்கோ வைத்துவிட்டாள் போலிருக்கிறது. கிதார் கேட்டது, பிறகு பேஸ். மடித்த சட்டையைக் கையில் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தேன். இரண்டாவது வரியில் பேஸ் நின்றது. பாட்டும் நின்றது.

“அக்கா, மறுபடியும் முதல்லேர்ந்து,” என்றது ஒரு ஆண் குரல்.

நான் போனை வைத்துவிட்டேன்.