சாக்பீஸ் தின்னும் உன் அண்ணி

அன்புத் தங்கைக்கு அண்ணன் ஆசியுடன் எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணியும் நலம். அப்படித்தான் எழுத வேண்டும் என்று சொல்லிவிட்டுப் பக்கத்திலேயே காவலுக்கு உட்கார்ந்திருந்தாள். இப்போது வெட்டுமேசையில் தலை வைத்துத் தூங்கிவிட்டாள். நடுப்பகலில், கடை திறந்திருக்கும்போது! ஆகவே இனி உண்மையை எழுதுகிறேன். போனில் பேசலாம் என்றால் இந்தச் சின்னக் கடையில் நான் முணுமுணுத்தாலே அவள் காதில் விழுந்துவிடும்.

கொஞ்ச நாளாகத் துணியில் கோடு போடும் சாக்பீஸ் காணாமல் போய்க்கொண்டிருந்தது. கேட்டால், 'நீங்கதான் எங்கயாவது வெச்சுட்டு மறந்திருப்பீங்க' என்பாள். எலி என்று நினைத்துப் பொறி வேறு வாங்கி வைத்தேன். கடைசியில் ஒரு நாள், ஓர் அம்மாவுக்கு அளவெடுத்துக்கொண்டே என் பக்கம் திரும்பினாள், உதடெல்லாம் வெள்ளை. வந்த அம்மா என்னைப் பார்க்கிறார், நான் சுவரைப் பார்க்கிறேன். எலிப்பொறி வாங்கிய என் புத்தியை என்ன சொல்ல!

அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம் கண்ணில் பட்டது. கடைக்கு ஏறும் படியில் பாதியிலேயே நின்று தெருவை வேடிக்கை பார்ப்பதுபோல் நடிக்கிறாள், மூச்சு வாங்குகிறது. கண்ணை மூடிக்கொண்டு வெட்டினாலும் அளவு பிசகாதவள், போன மாதம் ஒரு கோட்டுக்கு இரண்டு கையையும் இடக்கையாக வெட்டி வைத்தாள். 'ரெண்டு இடது கை இருக்கிறவங்க யாராச்சும் வருவாங்க, வித்துடலாம்' என்று அதற்கும் ஒரு நக்கல். துணி கொடுத்தவர் சிரிக்கவில்லை.

கெஞ்சிக் கூத்தாடி டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். உடம்பில் இரும்புச் சத்து அடிமட்டத்துக்குப் போய்விட்டதாம். ரத்தம் ஊறாதது, களைப்பு, படபடப்பு, சாக்பீஸ் மேல் ஆசை எல்லாம் அதனால்தானாம். மாத்திரை கொடுத்தார். அதை உன் அண்ணி எதில் விழுங்கினாள் தெரியுமா? டீயில்! டீ குடித்தால் மாத்திரையின் சத்து சரியாகச் சேராது என்று டாக்டரம்மா படித்துப் படித்துச் சொன்னதெல்லாம் செவிடன் காதில் ஊதிய சங்கு. 'டீ இல்லாம எனக்கு மெஷின் ஓடாது' என்கிறாள். அப்புறம் வெளிக்குக் கறுப்பாகப் போகிறது என்று மாத்திரையையே நிறுத்திவிட்டாள். மிச்ச அட்டை பட்டன் டப்பாவுக்குள் கிடந்தது.

அதோடு முடிந்தால் பரவாயில்லை. மாதா மாதம் அவளுக்கு அளவுக்கு மீறி ரத்தம் போகிறது. இதை உனக்கு எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனால் வேறு யாரிடம் சொல்வேன்? ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றிப் பயனில்லை, ஏன் போகிறது என்று ஸ்கேன் எடுத்தே ஆகவேண்டும் என்கிறார் டாக்டரம்மா. இவளோ, 'பொம்பளைங்களுக்கு இதெல்லாம் சகஜம், தைக்க வேண்டிய துணி மலையா கிடக்கு' என்று தட்டிக் கழிக்கிறாள். அவள் அம்மா ஸ்கேனுக்கென்று போய் வீடு திரும்பாதது உனக்கும் தெரியும். அதை அவள் வாய்விட்டுச் சொல்லமாட்டாள். நான் பேச்செடுத்தால் மெஷினை இன்னும் வேகமாக மிதிப்பாள்.

எனக்குக் கண் மங்கிய பிறகு என் ஊசிகளுக்கு அவள்தான் நூல் கோர்த்துத் தருகிறாள். மறுநாளைக்கு வேண்டிய நாலைந்தைக் கோர்த்துக் குத்தி வைத்துவிட்டுத்தான் கடையைச் சாத்துவாள். இன்று காலை பார்க்கிறேன், பாழாய்ப்போன அந்த இரண்டு இடக்கைத் துணியிலும் இடமில்லாமல் ஊசிகள். கறுப்பு, வெள்ளை, நீலம் என்று கடையில் உள்ள எல்லா நூலும் கோர்த்திருக்கிறது. எதற்கடி இத்தனை என்று கத்தினேன். 'இருக்கட்டுங்க, பின்னாடி ஆகும்' என்றாள்.

என் சொல் அவள் காதில் ஏறாது. நாத்தனார் சொன்னால் ஏறும். கடிதம் கிடைத்ததும் அவளுக்குப் போன் செய். திட்டு, அழு, என்ன வேண்டுமானாலும் செய். ஸ்கேனுக்குச் சரி என்று சொல்ல வை. முடிந்தால் நீயே வந்து கையைப் பிடித்துக் கூட்டிப்போ. நீ நன்றாக இரு, நேரத்துக்குச் சாப்பிடு. எனக்கு அன்றன்றைக்குக் கோர்த்துக் கொடுத்தால் போதும் என்று அவளிடம் சொல்.

உன் அண்ணன்