சனிக்கிழமை மாத்திரை

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன், நானும் உன் அம்மாவும் சுகம், உன் தங்கை வாலு சுகமா என்று கேட்டால் அதற்குப் பதில் இன்னும் அரைமணி நேரத்தில் தெரியும், அதனால் அந்த இடத்தை மட்டும் காலியாக விட்டு மேலே எழுதுகிறேன். கண் ஆஸ்பத்திரி வராந்தாவில் இருக்கிறேன். வாலுவின் கண்ணில் சொட்டு மருந்து விட்டு, கண்பாப்பா விரியும்வரை கண்ணை மூடிக்கொண்டிருக்கச் சொல்லி பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறார்கள். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நாலு வரி எழுதுவதும் எழுந்து ஜன்னல்வரை போய் வருவதுமாக இருக்கிறேன், நான் எழுந்திருக்கும்போதெல்லாம் அவள் கண்ணைத் திறக்காமலே அப்பா எங்க போறீங்க என்று கேட்கிறாள், எப்படித்தான் தெரிகிறதோ. சீட்டு எழுதும் நர்ஸம்மாவிடம் தாள் வாங்கித்தான் இதை எழுதுகிறேன், முடித்ததும் படம் எடுத்து உன் போனுக்கு அனுப்பிவிடுவேன். போனிலேயே பேசலாமே என்பாய். பேசினால் நான் ஒன்று சொல்வதற்குள் நீ ஒன்பது சொல்கிறாய், பக்கத்தில் உன் அம்மா வேறு போனைப் பிடுங்கிக்கொள்கிறாள். கடிதத்தில்தான் யாரும் குறுக்கே விழ முடியாது.

முதலில் மற்ற சேதிகளைச் சொல்லிவிடுகிறேன். உன் அம்மாவைத் துணிக்கடையில் பில் போடும் இடத்திலிருந்து பொருள் எடுத்துக் கொடுக்கும் பக்கம் மாற்றிவிட்டார்கள், நாள் முழுக்க நின்று கால் வீங்கி வருகிறாள், உட்காரச் சொன்னால் எள்ளும் கொள்ளும் வெடிக்கிற முகத்தோடு ஒரு பார்வை. எனக்கு லிஃப்ட் கம்பெனியில் அதே வேலைதான், அதே கிரீஸ்தான். போன வாரம் ஒரு பன்னிரண்டு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் நடுவில் நின்று, உள்ளே ஒரு வக்கீல் மாட்டிக்கொண்டார், கதவைத் திறந்து வெளியே விடும்வரை உள்ளே இருந்தே என்மேல் மூன்று வழக்குப் போட்டுவிட்டார், வெளியே வந்ததும் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுத் தேங்க்ஸ் என்று போய்விட்டார். உன் அத்தை வந்து பத்து நாள் தங்கிவிட்டுப் போனாள். வரும்போது நாலு பாட்டில் எண்ணெய் கொண்டுவந்தாள், எல்லாம் வாலுவின் முழங்காலுக்கு. போகும்போது அவள் மூட்டுக்குத்தான் தடவிக்கொண்டு போனாள்.

இனி வாலு. உனக்கு எல்லாம் அரையும் குறையுமாகத்தான் தெரியும், அதனால்தான் இத்தனை குழப்பமும், அதனால் ஆரம்பத்திலிருந்தே சொல்கிறேன், கோபப்படாமல் படி. காலையில் எழுப்பினால் எழுந்திருக்க மாட்டாள், எழுந்தாலும் சுவரைப் பிடித்துக்கொண்டு கிழவி மாதிரி நடப்பாள், பள்ளிக்குப் போய் இரண்டாவது பீரியடுக்கு மேல் ஓட ஆரம்பித்துவிடுவாள். சாயங்காலம் குதிக்கிற பிள்ளை காலையில் மட்டும் நொண்டினால் யார் நம்புவார்கள்? டீச்சர் சோம்பேறித்தனம் என்றார், நான் பிடிவாதம் என்றேன், பக்கத்துத் தெரு டாக்டர் வளர்கிற வயதில் வருகிற வலி என்றார். அப்புறம் ஒரு நாள் குளிப்பாட்டும்போது உன் அம்மாதான் பார்த்தாள், இடது முழங்கால் வலதைவிடப் பருத்துச் சூடாக இருந்தது. எலும்பு டாக்டர் ஊசி போட்டு உள்ளே இருந்த நீரை எடுத்துச் சோதித்தார், சீழ் இல்லை, அடி இல்லை, இது என் வேலை இல்லை, பிள்ளைகளின் மூட்டைப் பார்க்கிறவரிடம் போங்கள் என்று அனுப்பினார்.

அந்த டாக்டரம்மாவைப் பற்றி உன்னிடம் சொல்லவே இல்லை. குள்ளமாக இருப்பார், வெள்ளைக் கோட்டு போட மாட்டார், வாலுவோடு தரையில் உட்கார்ந்துகொண்டார். வலிக்குதா என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை. குந்தி உட்காரு, குதிகாலால் நட, முட்டி மடக்கு, வாயை ஆவென்று திற, மாடிப்படி இறங்கிக் காட்டு என்று விளையாட்டுப் போலவே எல்லாவற்றையும் செய்யவைத்தார். படி இறங்கும்போது வாலு ஒவ்வொரு படிக்கும் இரண்டு காலையும் சேர்த்துச் சேர்த்து வைத்தாள். எத்தனை நாளாக அப்படி இறங்குகிறாள் என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. நாள் முழுக்க அடுத்தவர் மாடி ஏறி இறங்க வழி செய்கிறவன் நான், என் வீட்டுப் பிள்ளை எப்படிப் படி இறங்குகிறாள் என்று பார்க்கவில்லை. குழந்தைங்க வலிக்குதுன்னு சொல்ல மாட்டாங்க, வலிக்கிற வேலைய விட்டுடுவாங்க, அவ்வளவுதான் என்றார் அவர். இது இன்னும் என் காதில் இருக்கிறது.

அப்புறம் ரத்தம் எல்லாம் பார்த்துவிட்டு, பயப்படாதீங்க, சின்னப் பிள்ளைங்களுக்கு வர்ற ஒரு வகை மூட்டு வாதம் என்றார். அங்கேதான் வினை. நான் மருந்து வாங்க வரிசையில் நின்றேன், உன் அம்மா வெளியே வந்து அழுதுகொண்டே உன் அத்தைக்கு போன் போட்டு, பிள்ளைக்கு இளம்பிள்ளை வாதம் வந்துடுச்சு என்று சொல்லிவிட்டாள். சின்னப் பிள்ளை, வாதம், இரண்டும் அவள் மனதில் சேர்ந்துகொண்டன. நாங்கள் பஸ் பிடித்து வீடு வருவதற்குள் சேதி எங்களுக்கு முன்னால் வந்து மாடி மாடியாக ஏறிவிட்டது. கீழ்வீட்டுக்காரி தன் இரண்டு பிள்ளைகளையும் உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள். நீ அங்கிருந்து அழுதாய், போலியோ சொட்டு மருந்து குடுக்கவே இல்லையாப்பா என்று கேட்டாய். வேளை தவறாமல் கொடுத்தவன் நான், அப்படியும் அந்த ஒரு கேள்வியில் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. மறுநாள் டாக்டரம்மாவிடமே ஓடினேன். முதலில் சிரித்தார், அப்புறம் நெற்றியில் கையை வைத்துக்கொண்டார். வாதம்னு சொன்னது என் தப்பு, இனிமே மூட்டு அழற்சின்னே சொல்றேன், இளம்பிள்ளை வாதம் கிருமியால வர்றது, இது அப்படி இல்ல, உடம்புக்குக் காவல் இருக்கிற சக்தியே ஆள் தெரியாம சொந்த மூட்டை அடிக்குது, யாருக்கும் ஒட்டாது, ஒழுங்கா மருந்து குடுத்தா ஓடி ஆடி வளருவா என்றார். கீழ்வீட்டுக் கதவு திறந்துவிட்டது. ஆனால் உன் அம்மாவின் மனம் திறக்கவில்லை. டாக்டரே முன்ன ஒண்ணு சொன்னாங்க, இப்ப ஒண்ணு சொல்றாங்க என்கிறாள். தான் தப்பாகக் கேட்டதை இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை, கேட்டால் நீங்க மட்டும் ரொம்பச் சரியா கேட்டீங்களா என்பாள்.

இந்த நேரத்தில்தான் நீ உள்ளே புகுந்தாய். முழங்காலுக்கு ஊசி போட்டார்கள், வீக்கம் வடிந்தது. நோய் திரும்ப வராமல் அடக்கி வைக்க வாரத்துக்கு ஒரே ஒரு மாத்திரை, சனிக்கிழமை மட்டும், அதன் உபத்திரவத்தைத் தணிக்க ஞாயிற்றுக்கிழமை ஒரு சத்து மாத்திரை. இரண்டும் மஞ்சள், இரண்டும் பொடிசு. சனிக்கிழமை மாத்திரை போட்டால் மறுநாள் வாலுவுக்குக் குமட்டும், இரண்டு முறை வாந்தியும் எடுத்தாள். நீ இணையத்தில் பார்த்துவிட்டு, அம்மா அது கேன்சர் மருந்து, உடனே நிறுத்து என்றாய். மகளே, நீ கம்ப்யூட்டர் படித்தவள். ஆனால் உன் அம்மாவுக்குப் படித்த பிள்ளை என்றால் எல்லாம் படித்த பிள்ளைதான், நீ சொன்னால் அவளுக்கு அதற்குமேல் பேச்சே இல்லை. அந்த நோய்க்குக் கொடுப்பது குடம் குடமாக, இங்கே கொடுப்பது ஒரு துளி, வேலையும் வேறு, அவ்வப்போது ரத்தம் எடுத்து ஈரல் நன்றாக இருக்கிறதா என்றும் பார்க்கிறார்கள் என்று நான் தொண்டை கிழியச் சொன்னேன். உன் அம்மா இரண்டு நாள் முறைத்துக்கொண்டே திரிந்தாள். அப்புறம் சரி குடுக்கறேன் என்றாள், என் கண் முன்னாலேயே கொடுக்கிறாள், கொஞ்ச காலமாகக் குமட்டலும் நின்றுவிட்டது, உடம்புக்குப் பழகிவிட்டது என்று நினைக்கிறேன். ஆனாலும் உன் வாயால் நீயும் ஒரு வார்த்தை சொன்னால் அவளுக்கு நெஞ்சில் முள் எடுத்த மாதிரி இருக்கும். அதைக் கேட்கத்தான் இந்தக் கடிதம். கண்ணுக்கு எதற்கு வந்தோம் என்பாய். இந்த மாதிரிப் பிள்ளைகளில் சிலருக்கு வலியும் சிவப்பும் இல்லாமலே கண்ணுக்குள் அழற்சி வருமாம், வாலுவின் ரத்தத்தில் அதற்கான அடையாளம் இருக்கிறதாம், ஒன்றும் இல்லாவிட்டாலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை காட்ட வேண்டுமாம். சத்தம் போடுகிற லிஃப்டைக் கண்டு எனக்கு என்றைக்கும் பயம் இருந்ததில்லை, சத்தம் போடாமல் தேய்கிறதே, அதுதான் பயம். கூப்பிடுகிறார்கள், போய்விட்டு வந்து எழுதுகிறேன்.

வந்துவிட்டேன். நின்றுகொண்டே எழுதுவதால் எழுத்துக் கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள். வாலுவின் தாடையை ஒரு கருவியில் வைத்து, மெல்லிய கோடு போல வெளிச்சம் அடித்துப் பார்த்தார் கண் டாக்டர், சின்ன வயதுக்காரர். வலது கண், இடது கண், மறுபடி வலது கண். அந்த மறுபடியிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. வலது கண்ணுக்குள் அழற்சி ஆரம்பித்திருக்கிறதாம். கண்ணு சிவக்கலையே, ஒரு வார்த்தை சொல்லலையே என்றேன். சொல்ற அளவுக்கு வந்திருந்தா பார்வையில பாதி போயிருக்கும், நல்ல நேரத்துல வந்தீங்க என்றார். சொட்டு மருந்து எழுதிவிட்டு, வாராந்திர மாத்திரை ஒழுங்கா போகுதா என்று கேட்டார். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, ஒரு வாரம் கூட விடல டாக்டர் என்றேன். பக்கத்தில் இருந்து வாலு பெருமையாக, இப்பல்லாம் எனக்கு வாந்தியே வர்றதில்ல, அம்மா சனிக்கிழமையும் ஞாயித்துக்கிழமை மாத்திரையே தர்றாங்க என்றாள். சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். ரகசியமாம்.

கோபம் வரவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். உன் அம்மாமேல் வந்தது, உன்மேல் அதைவிட வந்தது, என் கண் முன்னால் நடந்ததைப் பார்த்துக்கொண்டே நின்ற என்மேல் எல்லாவற்றையும்விட வந்தது. வராந்தாவை எத்தனை முறை அளந்தேன் என்று தெரியாது. நிறுத்தியதால்தான் கண்ணுக்கு வந்ததா என்று டாக்டரிடம் திரும்பத் திரும்பக் கேட்டேன். அப்படிச் சொல்ல முடியாது, மாத்திரை சாப்பிடுகிற பிள்ளைகளுக்கும் வருவதுண்டு, ஆனால் இனிமேல் மாத்திரை இல்லாமல் சொட்டு மருந்தை மட்டும் நம்பி இருக்க முடியாது, மூட்டு டாக்டரிடம் இன்றைக்கே பேசுங்கள் என்றார். இங்கிருந்தே போனில் பேசினேன். அந்த டாக்டரம்மா திட்டவில்லை. பயந்த அம்மாங்க எல்லாரும் செய்றதுதான் என்றார், விட்டதை ஈடுகட்டுவதாக நினைத்துக் கூட்டிக் கொடுத்துவிடாதீர்கள், இந்தச் சனிக்கிழமை முதல் பழைய அளவே போதும், ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு கொடுங்கள், குமட்டலுக்கு முன்கூட்டியே ஒரு மருந்து தருகிறேன், அப்படியும் ஒத்துக்கொள்ளாவிட்டால் ஊசியாகப் போட்டுக்கொள்ளலாம் என்றார். இவ்வளவு வழி இருந்திருக்கிறது. வாந்தி வருகிறது என்று அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நீங்கள் இரண்டு பேரும் போனிலேயே வைத்தியம் முடித்துவிட்டீர்கள்.

இப்போது நான் சொல்வதைக் கவனமாகக் கேள். நான் வீட்டுக்குப் போய் இதை எடுத்தால் அது சண்டையாகத்தான் முடியும். உன் அம்மா பிள்ளைக்குக் கெடுதல் செய்யவில்லை, விஷம் என்று நீ சொன்னதைத் தன் கையால் ஊட்ட முடியாமல் ஒளித்து வைத்தாள், அவ்வளவுதான். தன்னால்தான் கண்ணுக்கு வந்தது என்று நினைத்துவிட்டால் அவள் உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்க மாட்டாள். அவள் கடையிலிருந்து வருவதற்குள் நீ அவளைக் கூப்பிடு. விசாரித்துப் பார்த்தேன், நான் சொன்னது தப்பும்மா, அந்த மருந்து நல்லது, கொடு என்று சொல். தப்பு என்கிற அந்த வார்த்தை இருக்கிறதே, அதை மென்று விழுங்கிவிடாமல் சொல். நான் எத்தனை சொன்னாலும் அவள் கொடுக்க மாட்டாள், நீ சொன்னால் கொடுப்பாள். சொட்டு மருந்தைப் பற்றி நான் சொல்லிக்கொள்கிறேன்.

வேலை வேலை என்று சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே, குளிர் தாங்கும்படி உடுத்திக்கொள், உன் அறைத் தோழியையும் விசாரித்ததாகச் சொல். எங்கே இருந்தாலும் நோய் நொடி இல்லாமல், மனக்குறை இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும், உன்னால் இன்னொரு உயிரும் நன்றாக இருக்க வேண்டும் என்று வாழ்த்துகிறேன். வாலு உனக்கு இரண்டு வரி எழுதுகிறேன் என்று பேனாவை வாங்கினாள், கண் மருந்தால் தாள் மங்கலாகத் தெரிகிறது என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். கண்ணு சரியாயிடுமாப்பா என்று கேட்டாள். மருந்து மங்கலைத்தான் கேட்டாளோ, டாக்டர் பேசியது காதில் விழுந்து மற்றதைக் கேட்டாளோ, தெரியவில்லை. சரியாயிடும் என்று சொல்லிவிட்டேன். என்னைப் பொய்யனாக்கிவிடாதே மகளே, அம்மாவைக் கூப்பிடு.

இப்படிக்கு,
உன் பதிலுக்காக வராந்தாவிலேயே நிற்கும்
அப்பா