நல விசாரணை

பிப்ரவரி 4

நான் உள்ளே போனதும் பேச்சு நின்றுவிட்டது. இன்றைக்கும்.

ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் மெஷின் சத்தத்துக்கு மேல் கத்திப் பேசித்தான் எங்களுக்குப் பழக்கம். அதனால் பேச்சு நின்றால் நன்றாகவே தெரியும். போன மாதம் வரை நானும் மடிப்பு மேசையில் நின்று அவர்களோடு கத்தியவள்தான். சூப்பர்வைசர் ஆக்கினார்கள், அக்காவாக இருந்தவள் மேடம் ஆகிவிட்டேன். அதுவும் மெஷின்காரர் 'மேடம்' என்னும்போது கடைசியில் ஓர் அழுத்தம் கொடுக்கிறார். மரியாதையா, நக்கலா? மடிப்பு மேசையில் என் பக்கத்தில் நின்ற நெட்டையைக் கேட்டால் சொல்லிவிடுவாள். ஆனால் அவளும் இப்போது என்னோடு சாப்பிட உட்காருவதில்லை. எத்தனை வருடம் என் டப்பாவில் கை வைத்தவள்.

என்னவோ நடக்கிறது. எனக்கு மூக்கு வேர்க்கிறது.

பிப்ரவரி 6

புது சூப்பர்வைசர்களுக்கு இன்று வகுப்பு. 'உங்கள் கீழ் வேலை செய்பவர்களோடு மனதால் இணையுங்கள்' என்றார் பாடம் எடுத்தவர். கண்ணைப் பார்த்துப் பேச வேண்டுமாம், வீட்டு மனிதர்களைப் பற்றிக் கேட்க வேண்டுமாம். இது என்ன பிரமாதம் என்று மத்தியானமே செய்து பார்த்தேன்.

"அம்மா எப்படி இருக்காங்க?" என்று மெஷின்காரரைக் கேட்டேன்.

"அம்மா போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆச்சு மேடம். நீங்க எடுப்புக்கு வந்திருந்தீங்களே."

பின்னால் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். நெட்டைதான். எனக்கு அந்தச் சிரிப்பு தெரியாதா.

பிப்ரவரி 7

வீட்டில் சொன்னேன். இவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, "நீ கேக்கறது விசாரிக்கிற மாதிரி இல்ல, விசாரணை பண்ற மாதிரி இருக்கு" என்கிறார். இவருக்கென்ன, தனியாக ஒரு கடையில் உட்கார்ந்து கடிகாரம் ரிப்பேர் செய்கிறவர். கடிகாரம் முதுகுக்குப் பின்னால் பேசுமா?

பிப்ரவரி 11

மேனேஜர் கூப்பிட்டார். வார்டுகளுக்கு விரிப்பு நேரத்துக்குப் போகவில்லையாம், எண்ணிக்கையும் குறைகிறதாம். "மூணு மாசம் பாத்துட்டுதான் உங்களை நிரந்தரம் பண்ணுவோம், தெரியும்ல? உங்க ஆளுங்க மேல ஒரு கண்ணு வைங்கம்மா" என்றார்.

ஒரு கண் என்ன, இரண்டையும் வைத்தேன். அழுக்குத் துணி பிரிக்கும் அறையில் இருக்க வேண்டியவர் மச்சான் மட்டும்தான். (யாருக்கு மச்சான் என்று யாருக்கும் தெரியாது. ஊருக்கே மச்சான். பெண்களுக்கு மட்டும் அண்ணன்.) நான் எட்டிப் பார்த்தபோது நெட்டையும் மெஷின்காரரும் அங்கே இருந்தார்கள். என்னைப் பார்த்ததும் ஆளுக்கொரு பக்கம் நழுவினார்கள்.

"இங்க என்ன வேலை?"

"சும்மாதான்" என்றாள் நெட்டை.

மச்சான் மூட்டைப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் இப்போதெல்லாம் என் முகத்தைப் பார்ப்பதே இல்லை. பேசும்போது பார்வை என் காதுக்குப் பக்கத்தில் எங்கேயோ போகிறது. குற்றமுள்ள மனசு வேறெப்படிப் பார்க்கும்?

பிப்ரவரி 12

இரண்டில் ஒன்று. விரிப்பு வெளியே போகிறது. அல்லது என்னைக் கவிழ்க்க மூன்று பேரும் சேர்ந்து வேலையை இழுத்தடிக்கிறார்கள். நான் போனால் யாருக்கு லாபம்? நெட்டைக்கா? அவளுக்கும் அந்த நாற்காலி மேல் ஆசை இருந்திருக்குமோ? ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லாததுதான் உறுத்துகிறது.

பிப்ரவரி 14

வாசலில் எல்லோர் பையையும் பார்க்கச் சொன்னேன் வாட்ச்மேனிடம். எல்லோரும் என்பது ஒரு பேச்சுக்கு. நான் பார்க்க நினைத்தது நெட்டையின் பையை.

சாப்பாட்டு டப்பா. குடை. ஒரு சீப்பு. அவ்வளவுதான்.

அவள் எல்லாவற்றையும் மெதுவாகத் திரும்ப உள்ளே வைத்தாள். "என் பையப் பாக்கணும்னா எங்கிட்டயே கேட்டிருக்கலாமே" என்றாள். போய்விட்டாள்.

ஏன்டி நீ என்னைத் திட்டல? திட்டியிருந்தா நல்லாத் தூங்கியிருப்பேன்.

பிப்ரவரி 18

கேக் வாங்கிக்கொண்டு போனேன். எதுக்கு என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. வாங்கிக் கொண்டார்கள், தின்றார்கள், கை கழுவினார்கள்.

பிப்ரவரி 20

நெட்டைக்குக் காய்ச்சல், லீவு. ஒரு மெஷின் பழுதாகி மெஷின்காரர் அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். மச்சான் தனியாக இருக்கிறார், இன்று கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்றுதான் போனேன்.

அவர் ஒரு விரிப்பைத் தூக்கி, தலையை ஒருபக்கம் திருப்பி, ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையுறையைக் கழற்றிவிட்டு மூட்டைக்குள் வெறும் விரலால் தடவினார். வார்டில் மறந்துபோன ஊசி விரிப்போடு சுருண்டு வரும், அதற்குத்தான் கையுறையே. அவர் விரலுக்குப் பக்கத்தில் ஒன்று கிடந்தது. பாய்ந்து மணிக்கட்டைப் பிடித்து இழுத்தேன்.

"நெட்டையா? காய்ச்சல்னாங்களே, வந்துட்டியா? சரி, மேடம் மோப்பம் பிடிச்சுக்கிட்டு வர்றதுக்குள்ள பிரிச்சுக் குடு."

என் முகம் அவருக்கு நேராக, கை நீட்டினால் தொடும் தூரத்தில் இருந்தது. தெரியவில்லை அவருக்கு.

என்ன செய்ய நான்? கையுறையை மாட்டிக்கொண்டு பிரித்துக் கொடுத்தேன். ரத்தக்கறை ஒரு பக்கம், மற்றது ஒரு பக்கம். வாயே திறக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அவர் கை நின்றது.

"நெட்டை இவ்வளவு நேரம் பேசாம இருந்ததே இல்லையே."

"நான்தான் அண்ணே."

மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டார். எத்தனை நாளா இப்படி, யார் யாருக்குத் தெரியும் என்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கினேன். "பயந்துட்டேன் அண்ணே, ஊசி குத்தியிருக்கும்" என்று மட்டும் சொன்னேன்.

பிறகு அவராகவே சொன்னார். நேராகப் பார்க்கும் இடத்தில் ஒரே கறுப்பாம். ஓரங்களில் தெரிவதால் நடமாட முடிகிறது. போனது திரும்பாது என்று டாக்டர் கைவிரித்துவிட்டாராம். "ஓய்வு வர்ற வரைக்கும் ஒப்பேத்திடலாம்னு பாத்தோம். தெரிஞ்சா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. பொண்ணு படிப்பு இன்னும் முடியலம்மா."

பார்த்தோம் என்றார். தோம். அவர்கள் எல்லோரும் சேர்ந்து, தங்கள் வேலைக்கு நடுவே ஓடி வந்து, அவர் வேலையையும் செய்திருக்கிறார்கள். குறைகிறது என்ற விரிப்பெல்லாம் பிரித்து முடியாமல் மூலையில் மூட்டையாகக் கிடந்தது. என்னிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை.

அது ரொம்ப வலித்தது. ஆனால் பையைத் திறக்கச் சொன்னவளிடம் யார் சொல்லுவார்கள்?

பிப்ரவரி 22

நெட்டை வந்துவிட்டாள். மூவரையும் மடிப்பு மேசைக்குக் கூப்பிட்டேன். நெட்டைதான் முதலில் கேட்டாள்.

"ஆபீஸ்ல சொல்லிட்டீங்களா?"

"இல்ல."

"சொல்லுவீங்களா?"

"சொல்லித்தான் ஆகணும். அண்ணன் கையில ஊசி ஏறினா நான் தாங்க மாட்டேன். ஆனா என்ன சொல்லணும்னு உங்களக் கேட்காம போக மாட்டேன்."

யாரும் நம்பவில்லை. மெஷின்காரர் வாயை ஒரு மாதிரி சுழித்தார். கடைசியில் மச்சானே, "மடிப்பு வேலைக்குக் கண்ணு வேணாம். கை போதும்" என்றார். அப்படியானால் பிரிப்பது யார் என்றார்கள். காலையில் நான், மத்தியானம் மெஷின்காரர் என்றேன்.

நெட்டையிடம் தனியாக, "பையப் பாத்தது தப்பு" என்றேன்.

"ஆமா. தப்புதான்" என்றாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை.

பிப்ரவரி 25

மேனேஜரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், எதையும் மறைக்கவில்லை. "சூப்பர்வைசர் அழுக்குத் துணி பிரிக்கறதா? யாருக்காகம்மா இந்த நாடகம்?" என்றார். மச்சானை வீட்டுக்கு அனுப்புவதாக இருந்தால் இந்தப் பதவி எனக்கு வேண்டாம், மடிப்பு மேசைக்கே போய்விடுகிறேன் என்றேன். மேலிடத்தில் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார்.

வெளியே வந்தால் மெஷின்காரர் வராந்தாவில் நிற்கிறார். வேவு பார்க்கத்தான். பார்க்கட்டும். எனக்கும் அதுதானே இத்தனை நாள் தொழில்.

மார்ச் 5

பதில் வந்துவிட்டது. மச்சானுக்கு ஓய்வு வரை மடிப்பு வேலை. எனக்கு நிரந்தரம் இப்போதைக்கு இல்லை, இன்னும் ஆறு மாதம் பார்ப்பார்களாம்.

அழுகை வந்தது. குளியலறைத் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். இவர் கதவுக்கு வெளியே நின்று, "மேனேஜர் கடிகாரம் ரிப்பேருக்கு வந்தா பத்து நிமிஷம் மெதுவா ஓட விட்டுடறேன்" என்றார். சிரித்துத் தொலைத்தேன்.

மார்ச் 12

வேலை முடிகிற நேரத்தில் மெஷின்காரர் என் அறை வாசலில் வந்து நின்றார். மெஷினில் ஏதாவது கோளாறா என்றேன். இல்லையென்று தலையாட்டினார். போகவும் இல்லை.

"வீட்ல ஒரு விஷயம்" என்றார். "இன்னும் யார்கிட்டயும் சொல்லல."

கதவைச் சாத்தி உட்காரச் சொன்னேன். இருட்டும்வரை பேசிக்கொண்டிருந்தார்.

அவர் சொன்னதை இங்கே எழுதப்போவதில்லை.