வரிக்கு வரி

கஜா பேராங், மலாக்கா
12.10.1957

அன்புள்ள சந்திரமதிக்கு,

நான் சௌக்கியம். உன் இடுப்புவலி தேவலையா?

இங்கே பார்வையற்றோர் இல்லத்துக்காக பஸ் நேர அட்டவணையை பிரெயில் புள்ளிகளாகக் குத்திக் கொடுத்தேன். ஊர்ப்பெயர்களை உச்சியில் ஒருமுறைதான் வைத்தேன்; கீழே வரிசையாக வெறும் நேரங்கள். அதைத் தடவிப் படித்த, இல்லத்தில் இருக்கும் அப்துல் சமது அண்ணன், செமாபோக் போவதாக நினைத்துத் தெங்கேரா பஸ்ஸில் ஏறிவிட்டார். திரும்பி வந்து சிரிக்கிறார்.

“கை கீழ வர்றதுக்குள்ள மேல உள்ள ஊரு மறந்துபோவுது தம்பி. வரிக்கு வரி பேரப் போட்டுடு.”

அப்படியே திரும்பக் குத்துகிறேன். கட்டைவிரல் கொஞ்சம் கன்றியிருக்கிறது, பயப்படாதே. யாராவது கப்பலேறினால், சுற்றிக்கொள்ள உன் பழைய சேலைத் துண்டு ஒன்று கொடுத்துவிடு. இங்கே துணி கிடைக்காமலில்லை.

தபால் கட்டும் நேரம். உன் கடிதத்திலும் ‘அத்தான்’ உச்சியில் ஒரு தடவைதான். அப்புறம் மாடு, கொல்லை, உன் தம்பி. இனி வரிக்கு வரி எழுது.

உன் அத்தான்,
கலியாணசுந்தரம்