கழுத்தளவுத் தண்ணீர்

9.4.77, சனி

மாங்காய் நறுக்கி உப்பில் போட்டாயிற்று. நாற்பது காய். சொர்ணம் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஜாடி கேட்டாள். போன வருஷம் கொடுத்த ஜாடிக்கு மூடி மட்டும்தான் திரும்பி வந்தது. அதை மறக்கவில்லை. ஆனாலும் இன்னொன்று கொடுத்தேன். அண்ணன் பெண்டாட்டி நான், தம்பி பெண்டாட்டி அவள். இரண்டு ஆம்பளைகளும் போய்ச் சேர்ந்தார்கள். ஒரே வீட்டை நடுவில் சுவர் வைத்துப் பிரித்த பிறகும் இந்த வாங்கல் கொடுக்கல் மட்டும் நிற்கவில்லை.

சாயங்காலம் எதிர்வீட்டு வேண்டா குடத்தோடு வந்தாள். ஏரிக்கரைக்குக் கீழே, எங்கள் வீடுகளுக்கும் குடிதண்ணிக் கிணற்றுக்கும் நடுவில் இருக்கிற பள்ளத்தில், பேண்ட் போட்ட இரண்டு பேர் சங்கிலி பிடித்து அளக்கிறார்களாம். அது காத்தவராயன் நிலம். சொர்ணத்தின் மூத்த மகன். சொர்ணத்தைக் கேட்டால், "இன்னாவோ அளக்கறானுங்க. வாழ வைக்கப் போறான் போல" என்கிறாள்.

வாழை வைக்கிறவன் பேண்ட் போட்ட ஆளையா கூட்டி வருவான்?

11.4.77

வாழை இல்லை. பெட்ரோல் பங்க்.

காத்தவராயனை ரோட்டிலேயே நிறுத்திக் கேட்டேன். மறைக்கவில்லை அவன்.

"கம்பெனிக்காரன் எடம் கேட்டான் பெரிம்மா. நான்தான் ஏஜென்ட்டு. மகாபலிபுரம் போற காரு, கல்பாக்கம் போற லாரி, அல்லாம் நம்ம வாசல்ல வந்து நிக்கும் பாரு."

"வாசல்ல பெட்ரோல வச்சிக்கினு நாங்க எப்பிடிடா அடுப்பு மூட்டறது? அல்லாம் கூரை வூடு."

"அத கவர்மென்ட்டு பாத்துக்கும்."

"தொட்டிய எங்க பொதைப்ப?"

"பூமிக்குள்ளதான்."

"அந்தப் பூமியில தண்ணி நிக்கும்டா. நீ பொறந்த அன்னிக்கு என் கழுத்து வரைக்கும் நின்னுது."

சிரித்தான். "ஆரம்பிச்சிட்டியா. அது வெள்ளக்காரன் காலத்து மழை பெரிம்மா. அவனோடவே கப்பல் ஏறிடுச்சு."

பக்கத்தில் இருந்த பேண்ட்காரன்களும் சிரித்தார்கள். இவன் தொப்புள்கொடியை அறுத்தவள் நான்.

13.4.77

விடிந்தால் வருஷப் பிறப்பு. வேப்பம்பூ பறிக்கப் போனவள், பஞ்சாயத்து ஆபீஸ் சுவரில் நோட்டீஸைப் பார்த்தேன். ஓட்டுக் கேட்ட போஸ்டருக்கு மேலேயே ஒட்டியிருக்கிறது. ஆட்சேபணை இருந்தால் செங்கல்பட்டு தாசில்தாருக்கு எழுத வேண்டுமாம்.

வாசுதேவன் வாத்தியார் மனு எழுதினார். இருபத்திரண்டு வீடு, ஒரு கிணறு, ஏரி என்று எல்லாம் விவரமாக. ரேகை வைத்தவர்கள்தான் அதிகம். நான் கையெழுத்தே போட்டேன். மூணாங்கிளாஸ் சும்மாவா படித்தேன்?

சொர்ணம் மட்டும் விரலை நீட்டவில்லை. "பெத்தவ பேரு பேப்பர்ல வேணாம்க்கா. எனக்கும் பயமாத்தான் கீது, நெருப்பு பத்திக்கினா இன்னா பண்றது? வாயால கேக்கட்டும், சொல்றேன்."

அதுவும் சரிதான் என்று விட்டுவிட்டேன்.

28.4.77

தாலுகா ஆபீஸிலிருந்து பதில். வாத்தியார் இரண்டு தடவை படித்துக் காட்டினார். கிராமக் கணக்கில் அது மேட்டு நிலமாம். வெள்ளம் நின்றதாகக் குறிப்பே இல்லையாம். கண்ணால் பார்த்தவர் இருந்தால் மே 16-ந் தேதி நேரில் விசாரணையில் சொல்லலாமாம்.

கணக்குப்பிள்ளை அன்றைக்கு ஊரிலேயே இல்லை, குறிப்பு எங்கிருந்து வரும்? அப்போது பள்ளத்து ஓரம் எங்கள் ஒரு வீடுதான். பார்த்தவர்களில் உயிரோடு இருப்பது நானும் சொர்ணமும்.

எழுதி வைக்கிறேன், ஒன்று விடாமல்.

யுத்த காலம். ஐப்பசி. மூன்று நாள் விடாத மழை. நாலாம் நாள் விடியற்காலை இருட்டில், ஏரி நிறைந்து கலங்கலில் வழிய வேண்டிய தண்ணீர் கரையைச் சுற்றிக்கொண்டு பள்ளத்தில் இறங்கிவிட்டது. ஆம்பளைகள் இரண்டு பேரும் மெட்ராஸில் மூட்டை தூக்கப் போயிருந்தார்கள். வீட்டில் மாமனார், நான், நிறைமாசமாக சொர்ணம். அவளுக்கு வலி கண்டுவிட்டது. மாமனார் கடப்பாரையை எடுத்து வாசக்கதவை நிலையிலிருந்து பெயர்த்தார். கீல் பிய்ந்து வந்தது. கதவு மேல் அவளைப் படுக்கவைத்தோம். அவர் முன்னால் இழுத்தார், நான் பின்னால் தள்ளினேன். தண்ணீர் எனக்குக் கழுத்து வரைக்கும். ஏரிக்கரை மேட்டில் காத்தவராயன் கோயில் இருக்கிறதே, அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தோம். வெளிச்சம் வரும்போது பிள்ளை பிறந்தது. மூங்கில் சிம்பால் கொடி அறுத்தேன்.

எனக்கு மூன்றும் பெண். அதனால் அந்தப் பிள்ளைதான் மூத்த பேரன், தாத்தா பேரை அவனுக்குத்தான் வைக்க வேண்டும். மாமனார் வேண்டாம் என்றுவிட்டார். "காத்தது இந்தச் சாமி. அவன் பேரையே வையுங்க." அடுத்து பிறந்தவனுக்குத்தான் அப்பாசாமி என்று அவர் பேர் வந்தது. எங்கள் வகையறாவில் தாத்தா பேர் இளையவனுக்குப் போனது அந்த ஒரு தடவைதான்.

இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

30.4.77

சொர்ணம் சாப்பிட வந்தாள். கருவாட்டுக் குழம்பு. விசாரணையைப் பற்றிச் சொன்னேன்.

"சொல்லாம எங்க போவேன்க்கா? அந்தக் கதவு ஆடுனது இன்னும் என் முதுவுல கீது. நீ என்னத் திட்டிக்கினேதான தள்ளுன? 'வெயிட்டு பாரு மூதேவி, வெயிட்டு பாரு'ன்னு."

திட்டியது எனக்கே மறந்திருந்தது. இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம்.

15.5.77

என் பச்சைப் புடவையை சொர்ணத்துக்குக் கொடுத்தேன். தாசில்தார் முன்னால் கிழிசலோடா நிற்பாள்?

16.5.77

எழுதக் கை வரவில்லை. எழுதாமல் விட்டால் நாளைக்கு இதையும் இல்லை என்பார்கள்.

பள்ளிக்கூடப் புளியமரத்தடியில் நாற்காலி போட்டிருந்தது. ஊர் மொத்தமும் நின்றது. முதலில் என்னைக் கூப்பிட்டார்கள். மேலே எழுதியதெல்லாம் சொன்னேன். தாசில்தார் சின்ன வயசுக்காரர், பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொண்டார். பிறகு சொர்ணம். என் பச்சைப் புடவையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

"அன்னிக்கு எவ்வளவு தண்ணி இருந்ததும்மா?"

"தண்ணியா? வாசல்ல கணுக்கால் நனைஞ்சிது சாமி. அவ்ளோதான்."

எனக்கு முதலில் காதில் ஏறவில்லை.

"உங்க மகன் எங்க பிறந்தாரு?"

"வூட்லதான். அடுப்பங்கரையில."

நான் கத்தினேன். "அடிப்பாவி! அப்ப காத்தவராயன்னு ஏன்டி பேரு? மூத்தவனுக்கு ஏன்டி தாத்தா பேரு இல்ல?"

அவள் என்னைப் பார்க்கவே இல்லை. தாசில்தாரைப் பார்த்துச் சொன்னாள்: "அது நேந்துக்கினு வச்ச பேரு. எங்கக்காவுக்கு வயசாயிடுச்சு சாமி. நெனப்பு முன்னப்பின்ன ஆவுது. யாரும் தப்பா எடுத்துக்காதீங்க."

நினைப்பு. என் நினைப்பு!

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். வாத்தியார் தரையைப் பார்த்தார். காத்தவராயன் வந்து என் கையைப் பிடித்து, "வா பெரிம்மா, வெயில்ல நிக்காத" என்றான், கிறுக்கச்சியைக் கூட்டிப் போகிற மாதிரி. கையை உதறினேன்.

பொய் சொல்லியிருந்தால் போகட்டும். பிள்ளைக்காகப் பெற்றவள் பொய் சொல்வாள். தண்ணீர் கொஞ்சம்தான் என்று சொல்லிவிட்டு நின்றிருக்கலாமே. என்னை ஏன்டி சொன்னாய்?

17.5.77

பச்சைப் புடவை துவைத்து மடித்து நடுச்சுவர் மேல் இருந்தது. எடுக்கவில்லை.

19.5.77

மழைத் தூறல். புடவை இன்னும் சுவர் மேல்தான்.

3.6.77

வேண்டா கிளம்பும்போது, "அடுப்ப அணைச்சியா ஆயா?" என்கிறாள். நாற்பது வருஷமாக அணைக்கிற அடுப்பு! செங்கல்பட்டிலிருந்து மகள் சரோஜா வந்தாள். "கொஞ்ச நாள் என்னோட வந்து இரும்மா" என்கிறாள். அவள் காதுக்கும் போய்விட்டது.

ராத்திரி, பகல் ஒரே யோசனை. கழுத்து வரைக்குமா? மார்பு வரைக்குமா? நான்தான் வருஷா வருஷம் சொல்லிச் சொல்லி ஏற்றிவிட்டேனா?

இன்று சொர்ணம் சந்தைக்குப் போனதும் அவள் பக்கம் போனேன். வீட்டைப் பிரித்தபோது பழைய வாசல் அவள் பங்கில் போனது. நிலைக்கட்டையைத் தடவினேன். இடது பக்கம், கீல் இருந்த இடம். கடப்பாரை பெயர்த்த பள்ளம் அப்படியே இருக்கிறது. என் இரண்டு விரல் போகிறது.

வெளியில் வந்து கொஞ்சம் அழுதேன். பைத்தியம் இல்லை நான்.

24.6.77

பங்க்குக்கு உத்தரவு ஆகிவிட்டது. வாத்தியார் கலெக்டருக்கு எழுதலாம் என்கிறார். எழுதட்டும்.

வேண்டாதான் விஷயத்தைச் சொன்னாள். விசாரணைக்கு முதல் நாள் காத்தவராயன் தாயிடம் சொல்லியிருக்கிறான்: பங்க் வரவில்லை என்றால் மறுபடியும் லாரி ஏறிவிடுவேன், இனி இந்தப் பக்கமே வரமாட்டேன். ஒன்பது வருஷம் அவன் லாரி ஓட்டினபோது, ரோட்டில் எந்த லாரி நின்றாலும் ஓடிப்போய் முகம் பார்த்துவிட்டு வருவாள் சொர்ணம். எனக்குத் தெரியாதா?

அதை என்னிடம் வந்து சொல்லியிருந்தால்? நான் என்ன செய்திருப்பேன்? மனுவைக் கிழித்திருக்க மாட்டேன். அதுவும் உண்மைதான். ஆனால் "நீ வராதே, வீட்டில் இரு" என்றிருப்பேன். ஒருத்தியாக நின்றிருப்பேன்.

8.8.77

காத்தவராயன் புது வாசக்கால் வைக்கிறான், தேக்கு. பழைய நிலையைப் பிளந்து விறகாகப் போட்டுவிட்டார்கள். சொர்ணம் அதில் வெந்நீர் காய்ச்சுகிறாள். புகை என் பக்கம்தான் வருகிறது.

தெரிந்து செய்தாளா, தெரியாமல் செய்தாளா?

21.9.77

லாரியில் இரண்டு இரும்புத் தொட்டி வந்து இறங்கியது. ஒவ்வொன்றும் ஆனை பருமன். பள்ளத்தில் இன்னும் பள்ளம் தோண்டி, உள்ளே இறக்கி மண்ணைத் தள்ளிவிட்டார்கள். தீபாவளி கழித்துப் பெட்ரோல் ஊற்றுவார்களாம். கிணற்றங்கரையில் அவன்கள் மிஷின் கழுவின எண்ணெய் மிதக்கிறது. வேண்டா ஒரு மைல் நடந்து தண்ணீர் எடுக்கிறாள்.

1.11.77

இரண்டு நாளாக மழை. ஏரி நிறைந்துவிட்டது. கலங்கல் சத்தம் வீட்டுக்குள் கேட்கிறது.

3.11.77

டைரியை அரிசிப் பானைக்குள் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தேன். ஊர் மொத்தமும் பள்ளிக்கூடத்தில்தான் இருக்கிறது. பங்க்குக்காக அவன்கள் மண் கொட்டி மேடாக்கினதில் தண்ணீர் போக வழியில்லை. வீடுகளுக்குள் ஏறிவிட்டது. எங்கள் இரண்டு பக்கத்திலும் இடுப்பளவு. நடுச்சுவர் சரிந்து பாதிதான் நிற்கிறது.

காலையில் எல்லாரும் ஜன்னல் பக்கம் ஓடினார்கள். நானும் போய்ப் பார்த்தேன். புதைத்த தொட்டி இரண்டும் மண்ணைக் கிழித்துக்கொண்டு மேலே வந்து மிதக்கின்றன. காலித் தொட்டி, வேறென்ன செய்யும்? ஒன்று புது வாசக்காலில் மோதி மோதி நிற்கிறது. காத்தவராயன் கயிற்றோடு நீந்திப் போய் அதைக் கட்டப் பார்த்தான். ஒருத்தர் கூடச் சிரிக்கவில்லை.

பெட்ரோல் ஊற்றியிருந்தால் — யோசிக்கவே பயமாக இருக்கிறது.

5.11.77

அதே தாசில்தார் வந்தார், பேண்டை முட்டி வரை மடித்துக்கொண்டு.

யாரும் கூப்பிடாமலே சொர்ணம் எழுந்தாள். ஈரப் புடவை. ஊர் முன்னால் சொன்னாள்: "அன்னிக்கும் இப்பிடித்தான் சாமி. இதுக்கும் மேல. எங்கக்கா கழுத்து வரைக்கும். நான்தான் பொய் சொன்னேன். என்னைக் கதவு மேல போட்டுத் தள்ளிக்கினு வந்தவ இவ. கேளுங்க, அவளயே கேளுங்க. ஒண்ணு விடாம சொல்லுவா."

தாசில்தார் என் பக்கம் திரும்பினார். எல்லாரும் திரும்பினார்கள். ஆறு மாசமாக இதற்குத்தான் காத்திருந்தேன். சொல்வதற்கு ஒவ்வொரு வார்த்தையும் வாயில் வந்து நின்றது.

"எனக்கு வயசாயிடுச்சு சார்" என்றேன். "நெனப்பு இல்ல."

சொர்ணம் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"பரவாயில்லம்மா. தண்ணி நிக்கறத நானே பாக்கறேனே" என்று சொல்லிவிட்டு அவர் எழுத ஆரம்பித்தார்.

18.12.77

பங்க் ரத்து. கழுக்குன்றம் பக்கம் மேட்டில், வீடு வாசல் இல்லாத இடமாகப் பார்த்து வைக்கப்போகிறார்களாம். தொட்டிகளை ஏற்றிப்போன லாரியிலேயே காத்தவராயனும் ஏறிப் போய்விட்டான். கிணற்றை இறைத்தாயிற்று. வேண்டா வாத்தியாருக்கு மாலை போட வேண்டும் என்று குதிக்கிறாள்.

இன்று மத்தியானம் ரோட்டில் ஒரு லாரி நின்றது. சொர்ணம் ஓடிப்போய் முகம் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள். என் வாசலைத் தாண்டும்போது நடை நின்றது. நான் முறத்தைப் பார்த்துக்கொண்டு அரிசி புடைத்தேன்.

சாயங்காலம் பார்த்தால், பாதிச் சுவர் மேல் என் ஜாடி. போன வருஷத்து ஜாடி, கழுவித் துடைத்து வைத்திருக்கிறாள்.

அதன் மூடி எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். பரண் மேல், இடது மூலை, பழைய உழக்குக்குப் பின்னால். எடுக்கவில்லை.