சட்டப்படி நான் தொடலாம்கிற ஒரே தலை

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தங்கச்சி கத்தரி எழுதறேன். அந்தத் தூர தேசத்துல நீ நல்லா இருக்கணும், அதுல மாற்றமே இல்ல. நான் நல்லா இருக்கேனான்னு இதப் படிச்சு முடிச்சுட்டு நீயே சொல்லு. போன் பண்ணலாம்தான். ஆனா போன்ல நான் கத்துவேன், நீ அழுவ, கடைசியில யார் என்ன சொன்னோம்னே தெரியாது. எழுதினா நீ குறுக்க பேச முடியாது பாரு, அதான்.

கையெழுத்து கோணலா இருந்தா மன்னிச்சுக்கோ. மடியில வச்சு எழுதறேன். முடி வெட்டறவளுக்கு கோடு கோணலாமா? கோணுதே. யாரோ கன்னத்துல அறைஞ்ச மாதிரி இருக்கு, அறைஞ்சது யாருன்னு பாத்தா நம்ம வீட்டு ஆளு.

விஷயம் இதுதான். இனிமே இங்க நான் முடி வெட்டக் கூடாது. நகர சபையில புது விதி போட்டுட்டாங்க. லைசென்ஸ் வாங்கின கடைக்கு வெளியில யாரும் யாருக்கும் வெட்டக் கூடாதாம். லைசென்ஸ் வேணும்னா பயிற்சிப் பள்ளியில சேரணும், அதுல சேரணும்னா பள்ளிக்கூடம் முடிச்சிருக்கணும். நான் எப்படி முடிச்சேன்னு உனக்குத் தெரியும். சுவர் ஏறிக் குதிச்சு முடிச்சேன்.

என் வேலை என்னன்னு நான் உனக்கு ஒழுங்கா சொன்னதே இல்ல. "வீட்டுக்கு வீடு போய் வெட்டறேன்"னு சொன்னதும் நீ பெருமூச்சு விட்ட, நான் அதோட நிறுத்திட்டேன். இப்ப கேளு. நான் போறது படுக்கையில கிடக்கறவங்க வீட்டுக்கு. கடைக்கு வர முடியாதவங்க. தலைக்கு அடியில பிளாஸ்டிக் விரிச்சு, ஒரு பக்கம் திருப்பி பாதித் தலை வெட்டி, அப்புறம் மெதுவா அந்தப் பக்கம் திருப்பி மீதிய வெட்டணும். சீப்ப உள்ளங்கையில வச்சு சூடு பண்ணிட்டுத்தான் காதுகிட்ட கொண்டு போவேன், திடீர்னு சில்லுன்னு பட்டா அவங்க தலைய வெடுக்குன்னு இழுத்துக்குவாங்க. ஒரு முடி தலையணையில விழுந்தாலும் ராத்திரி பூரா அரிக்கும், அவங்களால சொறிஞ்சுக்கவும் முடியாது. அதனால கடைசியில கழுத்த ஊதி ஊதித் தட்டி விடறதுக்குத்தான் வெட்டறத விட அதிக நேரம். இத எந்தப் பள்ளியிலயும் நான் கத்துக்கல. அந்தத் தலைங்க கத்துக் குடுத்துச்சு.

மூணாவது மாடி டீச்சர ஞாபகம் இருக்கா? உன்ன கணக்குல ஃபெயில் ஆக்கினாங்களே, அவங்கதான். விழுந்து இடுப்பு போயிடுச்சு, கட்டில்தான் இப்ப. முதல் தடவ போனப்ப கண்ணாடி காட்டச் சொல்லி பாத்துட்டு, பரவால்லயே, நீயாச்சும் ஒண்ணு உருப்படியா பண்றியேன்னாங்க. உன்ன குத்தினாங்களா என்னைய பாராட்டினாங்களான்னு இன்னும் தெரியல.

இப்ப அத்தான் கதைக்கு வரேன்.

உன் வீட்டுக்காரர்தான் என் கையில முதல்ல கத்தரிக்கோல் குடுத்தவர். நான் பள்ளிக்கூடத்த விட்டதுக்கு நீ சாப்பிடாம கிடந்தப்ப, அவர்தான் விடு, படிப்பு வேணுமா வேண்டாமான்னு அவதான் சொல்லணும்னார். படிக்கட்டுக்கு அடியில தகர டப்பாவ கவுத்துப் போட்டு அதுல ஆள உக்கார வச்சு வெட்டினவர் அவர். சபைக்காரன் வந்து நாற்காலிய தூக்கிட்டுப் போனதால தகர டப்பா. அந்தக் கதைய எத்தன தடவ சொல்லியிருப்பார்! தலை வச்சிருக்கறவனும் கத்தரி வச்சிருக்கறவனும் ஒத்துக்கிட்டா போதும், நடுவுல மூணாவது ஆளுக்கு என்ன வேலைன்னு கேப்பார். அரசாங்கம் உனக்கு நல்லது பண்றேன்னு கதவ சாத்தினா, தாழ்ப்பாள் எந்தப் பக்கம் இருக்குன்னு பாருன்னுவார். எனக்கு வேற வேதம் கிடையாது அக்கா. அவர் சொன்னதுதான்.

அதனால புது விதி பத்தி யார் வேணா வந்து பேசலாம்னு சபையில அறிவிச்சதும் நான் போனேன். உன் பச்சச் சட்டைய போட்டுக்கிட்டு போனேன், கோவிச்சுக்காத. மைக்க பிடிச்சு, யார் முகத்தப் பாத்துப் பேசறதுன்னு தேடினேன். அப்ப இரண்டாவது வரிசையில அத்தான் உக்காந்திருக்கறதப் பாத்தேன். எனக்காக வந்திருக்கார்னு நெனச்சு யானை பலம் வந்துச்சு. பேச ஆரம்பிச்சேன் பாரு! மூணாவது ஆள், தாழ்ப்பாள், எல்லாத்தையும் எடுத்து விட்டேன். எங்க அத்தான் படிக்கட்டுக்கு அடியில தகர டப்பாவுல ஆரம்பிச்சவர், இன்னைக்கு மூணு கடை, அன்னைக்கு இந்த விதி இருந்திருந்தா அவர் எங்க இருந்திருப்பார்னு கேட்டு அவர கை காட்டினேன். கண்ணு வேற சிமிட்டினேன். ஜனங்க சிரிச்சு கை தட்டிச்சு. அவர் மட்டும் ஷூவையே பாத்துக்கிட்டு இருந்தார்.

அப்புறம் சுகாதார அதிகாரி எழுந்து, இந்த விதிய கேட்டு மனு குடுத்ததே கடை முதலாளிங்க சங்கம்தான், சங்கத் தலைவர் பதில் சொல்லுவார்னார். எழுந்து நின்னது அத்தான்.

நான் மைக்க விட்டு நகர்ந்து நின்னேன். அவர் மைக்கிட்ட வந்து, இந்தப் பொண்ணு சொன்னது அத்தனையும் நான் சொல்லிக் குடுத்ததுதான், ஒரு வயசுல எல்லாருக்கும் அப்படித்தான் தோணும்னார். அதுக்கும் ஜனங்க சிரிச்சுது. ஏறி வந்த ஏணிய எட்டி உதைக்கிறதுன்னு சொல்லுவாங்க. ஏணியோட அடியில நான் நின்னுக்கிட்டு இருந்தேன், மேல பாத்து கை தட்டிக்கிட்டு.

அவர் சும்மா வரல. சாட்சிக்கு ஒரு தையல்கார அம்மாவ கூட்டிட்டு வந்திருந்தார். அந்த அம்மா முக்காட்ட எடுத்தாங்க. தலைச்சாயம் பட்டு வெந்து பாதித் தலையில முடியே இல்ல, தோல் வழவழன்னு இருக்கு. பொய் சொல்ல மாட்டேன், இவ்வளவு பேசினியே இதுக்கு என்ன சொல்றன்னு என்னையே கேட்டேன். பதில அந்த அம்மாவே சொன்னாங்க. எனக்கு சாயம் ஊத்தினவன் கடைக்கு போர்டு வச்சிருந்தான், கண்ணாடி வச்சிருந்தான், சுவத்துல சர்டிபிகேட் கூட மாட்டியிருந்தான், அவன தண்டிங்கன்னு கேட்டு நடையா நடக்கறேன், அவன விட்டுட்டு இந்தப் பொண்ணுக்கு எதுக்குய்யா பூட்டு போடறீங்கன்னு கேட்டாங்க. அத்தான் முகத்துல ஈயாடல. அதிகாரி, நன்றிம்மா, உங்க வேதனைய கவனத்துல எடுத்துக்கிட்டோம்னார். எடுத்துக்கிட்டு விதிய நிறைவேத்திட்டார்.

வெளிய வண்டி நிறுத்தற இடத்துல அவர பிடிச்சேன். ஏன்னு கேட்டேன். ஜனங்களோட பாதுகாப்புக்குன்னார். முறைச்சேன். வீட்டுக்குப் போய் வெட்டறவங்க கூடிட்டதால கடை நாற்காலி காலியா கிடக்குதுன்னார். இன்னும் முறைச்சேன். மூணு காரணம் சொல்றவன்கிட்ட நாலாவதாத்தான் நிஜம் இருக்கும்னு எனக்கு சொன்னதே இவர்தான். ஆனா மூணாவதுலயே உடைஞ்சுட்டார். உனக்காகத்தான், உங்க அக்காகிட்ட கேட்டுட்டுத்தான் பண்ணினேன்னார். சட்டம் வந்தாலாவது அவ திரும்பப் படிப்பான்னு நீ சொன்னியாம்.

அக்கா, நான் அங்கயே உக்காந்துட்டேன். யாரோ ஒருத்தரோட ஸ்கூட்டர் மேல. அந்த ஆளு வந்து என்னம்மா மயக்கமான்னு கேட்டார். ஆமா, இத்தன வருஷமா மயக்கம், இப்பத்தான் தெளிஞ்சுதுன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

இன்னும் ஒரு கூத்து இருக்கு. அந்த விதியில ஒரு விலக்கு வச்சிருக்காங்க. சொந்தக்காரங்களுக்கு சொந்தக்காரங்க வீட்டுல வெட்டிக்கலாமாம். இது வெளிய தெரிஞ்சதுதான் தாமதம், திடீர்னு எனக்கு ஊரெல்லாம் உறவு. நேத்து வரைக்கும் முடிக்காரப் பொண்ணு, இன்னைக்கு நான் ஒரு வீட்டுல நாத்தனார், ஒரு வீட்டுல கொழுந்தியா. டீச்சர் வீட்டுல நான் வெட்டிக்கிட்டு இருக்கும்போதே சபையிலேருந்து சோதனைக்கு ஒரு இளைஞன் வந்துட்டான். இவ யாரும்மான்னு கேட்டான். என் தங்கச்சி பொண்ணுன்னாங்க டீச்சர். அத்தாட்சி இருக்காம்மான்னான். டீச்சர் கட்டில்ல இருந்தே, நீ என்ன இப்ப அம்மான்னுதானே கூப்பிட்ட, உங்கிட்ட அதுக்கு அத்தாட்சி இருக்கா, இருந்தா நீயும் என் பையன், உக்காரு, உன் காது மேல காடு மாதிரி இருக்கு, உங்க அக்காவ வெட்டச் சொல்றேன்னாங்க. அவன் சிரிப்ப அடக்க முடியாம ஓடிட்டான்.

நானும் சிரிச்சேன். படியிறங்கி வரும்போது எனக்கு அழுகை வந்துடுச்சு. ஏன்னு சொல்றேன். நான் டீச்சருக்கு யாருமே இல்ல. அதுதான் அக்கா என் பெருமை. சொந்தம் இல்ல, கட்டாயம் இல்ல, யாரும் அனுப்பி வைக்கல. யாரோ ஒருத்திய நம்பி, கண்ண மூடிக்கிட்டு தலைய குடுக்கறாங்க. பிடிக்கலன்னா நாளைக்கு வராதன்னு சொல்லலாம். அவங்க சொல்லல. அத எடுத்துட்டு, பொய்யா ஒரு உறவ ஒட்ட வச்சு, திருடி மாதிரி வெட்டச் சொல்றாங்க. என்னால முடியாது. கத்தரிய துணியில சுத்தி வச்சுட்டேன். டீச்சர் முடி பாதி வெட்டின மாதிரியே நிக்குது, ஒரு பக்கம் மட்டும்.

ஞாயித்துக்கிழம காலையில அத்தான் வந்தார். மூணு கடை வச்சிருந்தாலும் அவருக்கு நான்தானே வெட்டுவேன். எப்பவும் மாதிரி பால்கனியில ஸ்டூல போட்டு, சட்டைய கழட்டி கம்பியில மாட்டிட்டு, எனக்கு முதுக காட்டி உக்காந்துட்டார். பின்னங்கழுத்துல வெள்ள முடி வந்துடுச்சு அக்கா, நீ பாத்திருக்க மாட்ட. கத்தரிய சுத்தி வச்ச துணிய எடுத்துட்டு வந்தேன். அப்பத்தான் உறைச்சுது. இந்த ஊர்ல சட்டப்படி நான் தொடலாம்கிற ஒரே தலை இவரோடதுதான்.

வெட்டினேன். ஒழுங்கா வெட்டினேன். கழுத்த ஊதித் தட்டியும் விட்டேன். எழுந்து சட்டைய போட்டுக்கிட்டு, என் கடைக்கே வா, சாயங்காலம் படி, லைசென்ஸ் நான் வாங்கித் தரேன்னார். யோசிச்சு நானே முடிவு பண்றேன்னு சொன்னேன். அன்னைக்கு முதல் தடவையா அவர் என் முகத்த நேரா பாத்தார், அந்தக் காலத்துல படிக்கட்டுக் கதை சொல்றப்ப பாக்கற மாதிரியே. அப்புறம் இறங்கிப் போயிட்டார்.

அவர விடு. எனக்கு இப்ப வேண்டியது உன்கிட்டதான் இருக்கு. நீ அப்படிச் சொன்னியா அக்கா? ஆமான்னா ஆமான்னு எழுது, இல்லன்னா இல்லன்னு எழுது. சுத்தி வளைக்காத. நீ என்கிட்ட நேரா கேட்டிருந்தா நான் முடியாதுன்னுதான் சொல்லியிருப்பேன், அது உனக்கே தெரியும். ஆனா அந்த முடியாதுங்கற ஒரு வார்த்த என்னோடதா இருந்திருக்குமே. அதக்கூட நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து எடுத்துட்டீங்களான்னு தெரியாமத்தான் எனக்கு சோறு இறங்கல.

அங்க குளிருன்னு கேள்விப்பட்டேன், காத மூடிக்கோ. போன தடவ அனுப்பின போட்டோவுல உன் முடி கன்னாபின்னான்னு இருந்துச்சு, அங்க எந்தப் புண்ணியவான் வெட்டறான்? நீ எந்தக் குறையும் இல்லாம, நோய்நொடி இல்லாம வந்து சேரணும். வந்ததும் பால்கனியில ஸ்டூல் போடறேன். நீ என் கூடப் பிறந்தவ, உனக்கு வெட்ட எவன் அனுமதியும் வேண்டாம். ஆனா நீ கேக்கணும் அக்கா. நீ வாய் திறந்து வெட்டுன்னு சொல்ற வரைக்கும், உன்னக் கேக்காம உன் தலையில நான் கை வைக்க மாட்டேன்.

பதிலுக்குக் காத்திருக்கும்
உன் கத்தரி