கஸ்தூரி சொல்லாமல் விட்ட பாதி

செஞ்சி, 14-6-1964, ஞாயிறு

தூக்கம் வரவில்லை. மாலையில் வண்டிக்காரர் முனுசாமி என்னைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போனார். மகள் கஸ்தூரி சென்னையில் எம்.ஏ. ஆங்கில இலக்கியம் முதல் வருஷம் முடித்திருக்கிறாள்.

"நீங்க பேப்பர்காரரு. கேட்டுப் பாருங்க சார். சரக்கு இருந்தா திரும்ப அனுப்பறேன். இல்லேன்னா ஆவணியில கல்யாணம்."

கஸ்தூரி தன் பாடப் புத்தகத்தை என்னிடம் கொடுத்துவிட்டு, கடலுக்குப் போன கணவனுக்காகக் காத்திருப்பவளின் நீண்ட இங்கிலீஷ் கவிதையைப் பார்க்காமலே கடைசிவரை சொன்னாள். ஒரு சொல் பிசகவில்லை.

"கிளிகூடத்தான் சொல்லுது," என்றார் முனுசாமி.

"அப்ப நம்ம பேச்சுல கேளு நைனா."

முதல் வரியிலிருந்து தமிழில் சொன்னாள். மல்லாட்டை உரித்துக் கடலையை முறத்தில் போட்டுக்கொண்டிருந்த தாயின் கை நின்றது. முப்பது வருஷமாக இங்கிலீஷில் செய்தி எழுதுகிறேன். எனக்கே உடம்பு சிலிர்த்தது. கரையில் ஒரு படகு ஒதுங்கிய இடத்தில் சட்டென்று நிறுத்தினாள்.

"அவன் வந்தானா இல்லியாடி?" என்றாள் தாய்.

"மிச்சம் ரெண்டாம் வருஷப் பாடம்மா."

முனுசாமி எழுந்தார். "காலைல மொத பஸ்ஸு. மூட்டையக் கட்டு. படிச்சிட்டு வந்து சொல்லு."

கவிதையின் கடைசிப் பக்கம் என் கையில்தான் விரிந்திருந்தது. புத்தகத்தை மெல்ல மூடினேன்.